சித்தூர்ப் பாசறையில் மறைந்த ஹைதர் அலி

சித்தூர் நகரத்திற்கு அணித்தாக நரசிங்கராயன்பேட்டை என்றோர் ஊர் உண்டு. நம் சங்கத்து அன்பர்கள் பலர் அப்பக்கமாக எத்தனையோ முறை போய் வந்திருக்கக் கூடும். 1782ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 7ஆம் நாள், அவ்வூரின் பக்கத்தே இறங்கியிருந்த ஒரு பெரும் பாசறையில், அறுபதை ஒட்டிய வயதுடைய ஒருவன், முதுகிலே தோன்றிய ராஜபிளவையால் உயிர் நீத்தான். அவன் எழுதப் படிக்க அறியாதவன். அரச குலத்தில் பிறவாதவன். ஆயினும் அவன் பெயரைக் கேட்டுச் சென்னைக் கோட்டையிலிருந்த வெள்ளைக்காரக் கவர்னர்கள் நடுங்கியதுண்டு. மைசூரின் அதிபதி ஹைதர் அலியே அவன்.

நம் குழந்தைகள் பள்ளிப் புத்தகத்தில் ஹைதர் அலியைப் பற்றி இரண்டு மூன்று வரிகள் படிக்கின்றனர். மைசூர்ப் போர்கள் நான்கு என்று மனப்பாடம் செய்து, ஆண்டுகளை ஒப்பித்து, தேர்வு முடிந்ததும் மறந்து விடுகின்றனர். அப்போர்களில் ஒன்றின் நடுவே, அவர்கள் நாள்தோறும் நடமாடும் இதே மண்ணில்தான் அம்மனிதன் மாண்டான் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அதனாலேயே இச்சிறு வரலாற்றை நம் ஆண்டு விழா மலருக்கு எழுதத் துணிந்தேன். ஒரு மனிதனின் கதையாக இது தொடங்கினும், எங்கோ தொலைவிலுள்ள நாடுகளின் பகை எவ்வாறு நம் ஊர் வயலுக்குத் தீ வைத்தது என்பதையும் இடையிடையே சொல்ல வேண்டியிருக்கும்.

ஹைதர் பிறந்த ஊர் கோலார்ப் பக்கத்துப் பூதிக்கோட்டை. பிறந்த ஆண்டு 1720ஐ ஒட்டியது என்பர். தந்தை பத்தே முகம்மது கூலிக்குப் படை நடத்திய ஒரு தளகர்த்தர். ஆர்க்காட்டு நவாபிடம் ஐம்பது வாணக்காரர்களுக்குத் தலைவராக இருந்தார். பின்னர் மைசூருக்குப் போனார். அதன்பின் சிரா நவாபிடம் சேர்ந்தார். அக்காலத்துப் போர்வீரனுக்கு நாடு என்று ஒன்றில்லை. சம்பளம் கொடுப்பவன் எவனோ அவனே தலைவன். தந்தை போரில் மடிந்தபோது ஹைதர் சிறு பையன். இறந்தவர் பட்ட கடனுக்காக, ஹைதரையும் அவன் தமையன் ஷாபாஸையும் பேரிகைக்குள் அடைத்துத் தோலை இறுக்கி வதைத்துப் பணம் பறித்தனர் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கின்றனர். பிற்காலத்தில் அவனிடம் காணப்பட்ட கொடுமைக்கும், பணத்தின் மேல் அவன் வைத்த கண்ணுக்கும் இப்பேரிகையே வித்து என நான் கருதுவதுண்டு.

அவன் இளைஞனாக வளர்ந்த நாட்களில் நம் பகுதி எந்நிலையில் இருந்தது என்பதையும் காண்போம். பாகாலாவிலிருந்து தர்மாவரம் செல்லும் இருப்புப் பாதையில் தாமல்செருவு என்னும் நிலையம் இருக்கிறது. அவ்வூரின் கணவாயில் 1740ஆம் ஆண்டு மே மாதம் ரகூஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படை பாய்ந்தது. ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி தன் மகன் ஒருவனோடு வெட்டுண்டு வீழ்ந்தார். இரண்டாண்டுகளில் அவருடைய மற்றொரு மகன் சப்தர் அலி வேலூரில் கொலையுண்டான். பின்னர் நவாபாக வந்த அன்வருத்தீன் 1749இல் ஆம்பூரில் போரில் மாண்டார். பத்தாண்டிற்குள் மூன்று நவாபுகள்! நாற்காலி காலியாகும் போதெல்லாம் அதில் அமர இருவர் போட்டியிட்டனர். ஒருவனுக்குப் பின்னே பிரெஞ்சுக் கம்பெனி நின்றது. மற்றவனுக்குப் பின்னே இங்கிலீஷ் கம்பெனி நின்றது.

இவ்விரு கம்பெனிகளும் இங்கே வாணிகம் செய்ய வந்தவை. மிளகும் துணியும் வாங்க வந்தவர்கள் பீரங்கி வைத்தது ஏன்? ஐரோப்பாவிலே ஆஸ்திரிய நாட்டுப் பட்டம் யாருக்கு என்று அரசர்கள் 1740இல் போர் தொடங்கினர். ஆஸ்திரியா எங்கே, சென்னப்பட்டினம் எங்கே! ஆயினும் அப்போரின் பெயரால் 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். அங்கே அரசர்கள் சமாதானம் செய்துகொண்ட பின்னும் இங்கே படைகள் கலையவில்லை. சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் சிப்பாய்களுக்கு வேலை வேண்டும். அவர்கள் சம்பளத்துக்கு வருவாய் வேண்டும். வருவாய்க்கு நிலம் வேண்டும். நிலத்துக்குப் போர் வேண்டும். ஏற்றச் சாலைப் போல இது சுற்றிச் சுற்றி வந்தது. நம் திருப்பதி ஆலயத்தின் வருமானமே இச்சுழலில் அகப்பட்டுக் கொண்டது. நவாப் முகம்மது அலி தன் கடனுக்கு ஈடாக அதைக் கம்பெனிக்கு ஒதுக்கிக் கொடுத்தார். பக்தன் உண்டியலில் இட்ட காசு வெடிமருந்தாயிற்று என்றால் அது மிகையன்று.

இந்தச் சந்தையில்தான் ஹைதர் தொழில் பயின்றான். தமையனோடு சில ஆண்டு ஆர்க்காட்டுப் பக்கம் சேவகம் செய்து, பின் மைசூர்ச் சேனையில் சேர்ந்தான். 1749இல் தேவனஹள்ளிக் கோட்டை முற்றுகையில் அவன் காட்டிய துணிவைக் கண்டு மைசூரின் சர்வாதிகாரியான தளவாய் நஞ்சராஜன் அவனுக்கு ஒரு சிறு படையை அளித்தான். மறு ஆண்டு செஞ்சியருகே நிஜாம் நாசர் ஜங் கொலையுண்டபோது, அக்குழப்பத்தில் பொக்கிஷ ஒட்டகங்கள் சிலவற்றை ஹைதரின் ஆட்கள் ஓட்டிக்கொண்டு போயினர். அதே நாட்களில் அவன் புதுச்சேரியையும், பிரெஞ்சுப் படையின் ஒழுங்கையும் நேரிற் கண்டான். கையில் பணம், கண்ணில் புதிய போர் முறை. இரண்டும் ஒருங்கே வாய்த்தன.

நஞ்சராஜனோ வேறொரு வலையில் விழுந்தான். தனக்கு உதவினால் திருச்சிராப்பள்ளியை மைசூருக்குத் தந்துவிடுவதாக முகம்மது அலி வாக்களித்தார். அதை நம்பி நஞ்சராஜன் ஆண்டுக்கணக்கில் திருச்சியின் முன் படையிறக்கிப் பொக்கிஷத்தைக் கரைத்தான். எதிரி சந்தா சாகிப் 1752இல் கொல்லப்பட்டதும் நவாப் வாக்கை மறந்தார். ஆங்கிலேயர் அவருக்குத் துணை நின்றனர். வெறுங்கையோடு திரும்பிய மைசூர்ப் படை, சம்பளப் பாக்கிக்காக 1758இல் அரண்மனை வாயிலில் தருணா கிடந்தது. அப்பாக்கியைப் பைசல் செய்து படையைக் கலகத்திலிருந்து மீட்டவன் ஹைதர். அதற்கு முன்னரே 1755இல் அவன் திண்டுக்கல்லின் பௌஜுதார் ஆகியிருந்தான். பிரெஞ்சுத் தொழிலாளரை வருவித்து அங்கே ஆயுதச் சாலையும் அமைத்திருந்தான். மைசூர் மன்னர் கிருஷ்ணராஜ உடையார் அரியணையில் இருக்க, அதிகாரம் 1761க்குள் ஹைதரின் கையில் முற்றும் வந்து சேர்ந்தது. இடையில் தனக்கெதிராகச் சதி செய்த கந்தேராவ் என்பவனை இரும்புக் கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் இட்டு இறுதிவரை வைத்திருந்தான் என்பது பிரசித்தம். உடையார் வம்சத்தை மட்டும் அவன் அகற்றவில்லை. தசராவின்போது மன்னரை மக்களுக்குக் காட்டி, தான் மன்னரின் சேவகன் என்றே நடந்து வந்தான்.

படிப்பில்லாத ஹைதர் இத்தனை பெரிய சமஸ்தானத்தை எவ்வாறு ஆண்டான் என்பது வியப்புக்குரியது. ஒரே எழுத்தைக் கையொப்பமாக இடுவான். காகிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்பான். கேட்டதை மறப்பதே இல்லை. ஒருபுறம் கணக்கு, ஒருபுறம் கடிதம், ஒருபுறம் விசாரணை என்று ஒரே சமயத்தில் நடத்துவானாம். கன்னடம், தெலுங்கு, மராட்டி, தமிழ், இந்துஸ்தானி ஆகிய மொழிகளில் பேச வல்லவன். பூர்ணையா, கிருஷ்ணராவ் என்னும் இந்து மந்திரிகளிடம் வருவாய்த் துறையை ஒப்படைத்திருந்தான். சிருங்கேரி மடத்திற்கு மரியாதை செய்தவன். தொழில் தெரிந்தவன் எந்த மதத்தானாயினும், எந்த மொழியானாயினும் அவனுக்கு வேண்டியவனே.

இவ்வளவும் சொன்னதால் அவனை மகாத்மா என்று நான் கூறப் புறப்படவில்லை. 1763இல் பெதனூரைக் கொள்ளையிட்டான். 1766இல் மலையாள நாட்டில் புகுந்து, எதிர்த்த நாயர்களைக் கூட்டங்கூட்டமாக மைசூருக்கு ஓட்டிச் சென்றான். 1779இல் சித்திரதுர்க்கத்தைப் பிடித்தபோது அங்கிருந்த வேடர் குடும்பங்களையும் அப்படியே பெயர்த்தெடுத்து, அவர்களுடைய சிறுவர்களைக் கொண்டு ஒரு படைப் பிரிவு அமைத்தான். சேனை பெருகப் பெருக, அதற்கு ஊதியம் கொடுக்க நாடு பிடித்தாக வேண்டும். ஆண்டுதோறும் எல்லை விரிந்தது. வடக்கே குத்தி, கடப்பை எல்லாம் 1779க்குள் அவன் வசமாயின. அவன் மைத்துனன் மீர் அலி ரசாகானின் ஆட்சிக்கு இருப்பிடமாயிருந்த குர்ரம்கொண்டாக் கோட்டை பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததே. கம்பெனி எந்தச் சக்கரத்தில் சுழன்றதோ, அதே சக்கரத்தில் ஹைதரும் சுழன்றான். வேறுபாடு ஒன்றே: கம்பெனியின் இலாபம் கப்பலேறிப் போயிற்று, ஹைதரின் கொள்ளை ஸ்ரீரங்கப்பட்டணத்தோடு நின்றது.

முதல் மைசூர்ப் போர் 1767இல் மூண்டது. செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஆங்கிலேயர் வென்றனர். ஆயினும் 1769 மார்ச்சில் ஹைதர் தன் குதிரைப் படையோடு விரைந்து சென்னையின் வாசலில் வந்து நின்றான். கவர்னரும் ஆலோசனைச் சபையாரும் அஞ்சி உடன்படிக்கை செய்தனர். ஒருவரை மூன்றாமவர் தாக்கினால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து. மறு ஆண்டே மராட்டியர் மைசூரின் மேல் பாய்ந்தனர். ஹைதர் கம்பெனிக்கு ஓலை மேல் ஓலை விடுத்தான். ஒரு சிப்பாய் கூட வரவில்லை. 1771இல் சின்குர்லியில் படுதோல்வி அடைந்து, மறு ஆண்டில் பெரும் பணமும் நிலமும் கொடுத்து மராட்டியரிடமிருந்து தப்பினான். எழுத்தறியாத அவன் கேட்டதை மறப்பதில்லை என்றேன் அல்லவா? இதையும் மறக்கவில்லை.

இனி, நம் ஊருக்குத் தீ வந்த வழியைக் கூறுவேன்.

அட்லாண்டிக் மாகடலுக்கு அப்பால், 1775இல் அமெரிக்கக் குடியேற்ற நாட்டார் இங்கிலாந்து அரசரை எதிர்த்து ஆயுதம் ஏந்தினர். இங்கிலாந்தின் மீது பழம்பகை கொண்ட பிரான்சு 1778இல் அமெரிக்கருக்குத் துணையாக இறங்கியது. உடனே இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டு அக்டோபரில் கைப்பற்றினர். மலையாளக் கரையில் மாகி என்னும் சிறு துறைமுகம் பிரெஞ்சுக்காரருக்கு எஞ்சியிருந்தது. ஹைதருக்கு வேண்டிய துப்பாக்கியும் குண்டும் அவ்வழியேதான் வந்தன. அது தன் பாதுகாப்பில் உள்ள இடம், தொடவேண்டாம் என்று அவன் எச்சரித்தான். 1779 மார்ச்சில் ஆங்கிலேயர் அதையும் பிடித்தனர். அவன் கடப்பை நிலத்தின் வழியே அவன் அனுமதி பெறாமலேயே படை நடத்தவும் முற்பட்டனர். அதே சமயம் பம்பாய்க் கம்பெனியார் பூனாவின் வாரிசுச் சண்டையில் தலையிட்டு மராட்டியரையும் பகைத்திருந்தனர்; குண்டூர் விவகாரத்தில் நிஜாமையும் பகைத்திருந்தனர். ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்த மூன்று அரசுகளும் ஒரே அணியாயின.

அப்போது சென்னைக் கவர்னர் ரம்போல்டு, ஹைதரின் மனத்தை அறிந்து வர சுவார்ட்ஸ் பாதிரியாரை 1779இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார். ஜெர்மானியரான சுவார்ட்ஸ் தஞ்சையிலும் திருச்சியிலும் தமிழ் மக்களிடையே வாழ்ந்தவர்; பொய் கலவாதவர் என்று பெயர் பெற்றவர். ஹைதர் அவரை மதிப்போடு நடத்தினான். வழிச் செலவுக்கு 300 ரூபாயும் கொடுத்தான். அவர் அதைத் தமக்கென வைத்துக் கொள்ளாமல் கம்பெனியாரிடம் ஒப்படைத்துப் பின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்குச் சேர்த்தார். அடுத்த ஆண்டு போர் மூண்டபோதும் அப்பாதிரியாரை எவரும் தடுக்கலாகாது என்று ஹைதர் தன் தளபதிகளுக்குக் கட்டளையிட்டான். சமாதானத்துக்கு வழி இருந்தது. போக வேண்டியவர்கள்தாம் அவ்வழியே போகவில்லை. கவர்னர் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். சபையாரோ ஹைதர் வரமாட்டான் என்றே கடைசிவரை நம்பியிருந்தனர்.

1780 ஜூலையில் ஹைதர் செங்கம் கணவாய் வழியாக இறங்கினான். 80,000 பேருக்கு மேற்பட்ட சேனை. சென்னையைச் சுற்றிலும் பல காதம் வரை ஆங்கிலேயருக்கு ஒரு மணி நெல் கிடைக்கலாகாது என்பது அவன் திட்டம். ஊர் ஊராகக் கொளுத்தினான், கால்நடைகளை ஓட்டினான், ஏரி குளங்களையும் விட்டு வைக்கவில்லை. பரங்கிமலை மேல் நின்று பார்த்தவர்களுக்கு நாலா திசையிலும் கரும்புகை தெரிந்ததாம். வெந்த வீடு எவனுடையது? லண்டன் கம்பெனியின் பங்குதாரனுடையது அன்று. செங்கற்பட்டுக் குடியானவனுடையது.

செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில், வடக்கேயிருந்து வந்த கர்னல் பெய்லியின் படை சூழ்ந்து கொள்ளப்பட்டது. ஏறக்குறைய 3,800 பேர். இவர்களுள் வெள்ளையர் சில நூற்றுவரே. ஏனையோர் நம் தமிழ், தெலுங்குக் கிராமங்களிலிருந்து மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்த சிப்பாய்கள். சில மைல் தூரத்தில் காஞ்சியிலேயே இருந்த ஜெனரல் மன்றோ உதவிக்கு வந்து சேரவில்லை. ஹைதரின் வாணங்களும் பீரங்கியும் பெய்லியின் வெடிமருந்து வண்டிகளைப் பற்றவைக்க, படை நாசமாயிற்று. மன்றோ தன் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். கைதியான வெள்ளையர் பட்ட துன்பம் பற்றி அவர்கள் பிற்காலத்தில் புத்தகங்கள் எழுதினர். மாண்ட சிப்பாய்களின் பெயரை எழுதி வைத்தவர் எவருமில்லை. அவர்களைக் கொன்ற ஹைதரின் வீரர்களிலும் தமிழர் உண்டு, தெலுங்கர் உண்டு, கன்னடியர் உண்டு.

வாணங்களைப் பற்றி ஒரு சொல். ஹைதரின் தந்தை ஆர்க்காட்டில் கையாண்டவை பெரும்பாலும் அடையாளம் காட்டும் மூங்கில் வாணங்கள். மைசூரார் அதையே இரும்புக் குழாயில் அடைத்துக் கொல்லும் கருவியாக்கினர். அவற்றைக் கண்டு கற்ற ஆங்கிலேயர் தாமும் செய்து 1807இல் கோபன்ஹேகன் நகரத்தைக் கொளுத்தினர். அப்துல் கலாம் 1960களில் அமெரிக்க விண்வெளித் தளம் ஒன்றுக்குச் சென்றபோது, மைசூர் வாணப் போரைச் சித்திரிக்கும் ஓவியம் அங்கே சுவரில் மாட்டப்பட்டிருக்கக் கண்டதாக எழுதியிருக்கிறார். 2022இல் அமைந்த திருப்பதி மாவட்டத்தில்தான் இன்று ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. அங்கிருந்து எழும் ராக்கெட்டை நம் குழந்தைகள் மொட்டை மாடியில் நின்று தேடுகின்றனர்.

நவம்பர்த் தொடக்கத்துக்குள் ஆர்க்காடும் ஹைதர் வசமாயிற்று. வங்காளத்திலிருந்து கப்பல் வழியே ஜெனரல் அயர் கூட் வந்து சேர்ந்தார். 1781 ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையிலும், ஆகஸ்டு 27இல் மறுபடியும் பொள்ளிலூரிலும், செப்டம்பர் 27இல் சோளிங்கரிலும் அவர் ஹைதரோடு பொருதார். களம் ஒவ்வொன்றும் கூட்டுக்கே கிடைத்தது. ஹைதரின் மைத்துனன் பரங்கிப்பேட்டையில் மாண்டான். ஆயினும் வென்றவர் வென்ற பயனை அனுபவிக்க முடியவில்லை. நான் சரக்குப் பகுதியில் கணக்கெழுதுபவன் ஆதலால் இவ்விடத்தில் என் மனம் சற்று நிற்கிறது. கூட்டிடம் பீரங்கி இருந்தது. அதை இழுக்க மாடில்லை. சிப்பாய் இருந்தான், அவனுக்கு மூன்று நாளைக்கு மேல் அரிசியில்லை. வென்ற மறுநாளே உணவு தேடிக் கடற்கரைக்கு ஓட வேண்டியதாயிற்று. ஹைதரின் குதிரைப் படையோ காற்றுப்போல விலகி மறுபடியும் சூழ்ந்து கொண்டது. தரையிலே ஆங்கிலேயரின் வரவை அடைக்க ஹைதரால் முடிந்தது. கடலை வற்றச் செய்யத்தான் முடியவில்லை. இதை அவனே நன்கறிந்திருந்தான். தன் மந்திரி பூர்ணையாவிடம் இப்போரில் இறங்கியது பற்றி மனம் நொந்து பேசினான் என்றும் சரித்திரம் கூறுகிறது.

சோளிங்கர்ப் போருக்குப் பிறகு போர் முழு வேகத்தோடு நம் பக்கம் திரும்பிற்று. கார்வேட்டிநகரம் முதலிய வடக்குப் பாளையங்கள் இதுவரை ஹைதருக்கு ஆள் அனுப்பி வந்தன. காற்று மாறியதைக் கண்டு இப்போது கம்பெனியின் பக்கம் சாய்ந்தன. அதற்குத் தண்டனையாக ஹைதரின் ஆட்கள் அப்பாளையத்து ஊர்களை எரித்தனர். அரிசி தேடி அதே ஊர்களுக்குக் கூட்டின் படையும் வந்தது. பாளையக்காரர்களைப் பலர் ஏசுவர். எனக்கு அவர்கள் மேல் இரக்கமே உண்டாகிறது. இரு யானைகளின் நடுவே நின்றவன் எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் மிதிபடத்தான் வேண்டும். நவம்பரில் கூட் சித்தூரைப் பிடித்தார். அவர் அப்பால் சென்றதும் ஹைதர் திரும்பவும் கைப்பற்றினான். முற்றுகைக்குள் பசித்துக் கிடந்த வேலூருக்கு உணவு கொண்டு செல்வதே கூட்டின் பெருங்கவலையாயிற்று. 1782 ஜனவரியில் அப்படிச் செல்கையில் அவரே வழியில் மூளை நோய் தாக்கி விழுந்தார். எழுந்து பல்லக்கில் ஏறிப் படை நடத்தினார்.

சந்திரகிரிக் கோட்டையில் நவாபின் தம்பி அப்துல் வகாப்கான் வாழ்ந்து வந்தார். 1758 முதலே அவர் அக்கோட்டையை வைத்துக்கொண்டு திருப்பதிக்கும் தாமே காவலர் என்று உரிமை கொண்டாடியவர். விஜயநகர அரசர்கள் கடைசியாக அரசு வீற்றிருந்த அச்சந்திரகிரி 1782இல் ஹைதரிடம் சரணடைந்தது. அதன்பின் பத்தாண்டு, 1792இன் உடன்படிக்கை வரை, அது மைசூரோடு இருந்தது. நம்மவர் விடுமுறையில் குழந்தைகளோடு போய்ப் பார்க்கும் அந்த ராஜமகால் இத்தனை கைகள் மாறியது.

அவ்வாண்டில் உலகெங்கும் பரவிய அப்போரின் விந்தையைப் பாருங்கள். டச்சுக்காரரும் அதில் இழுக்கப்பட, நாகப்பட்டினத்தையும் திரிகோணமலையையும் ஆங்கிலேயர் பறித்தனர். பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுப்ரேன் கப்பல்களோடு வந்து ஜூலையில் கடலூரருகே ஹைதரைச் சந்தித்தார். அதே 1782 ஏப்ரலில், அமெரிக்காவின் டெலாவேர் வளைகுடாவில் பென்சில்வேனியா நாட்டாரின் ஒரு போர்க் கப்பல் ஓர் ஆங்கிலக் கப்பலை அடித்துப் பிடித்தது. அந்த அமெரிக்கக் கப்பலுக்கு இட்டிருந்த பெயர் ஹைதர் அலி! தங்கள் பகைவனுக்குப் பகைவன் என்பதால், கண்ணால் கண்டிராத ஒரு மைசூரானின் பெயரை அவர்கள் கொடியோடு பறக்கவிட்டனர். சித்தூர்க் குடியானவன் அமெரிக்காவின் பெயரையே கேட்டிருக்க மாட்டான்.

மே மாதம் சால்பாய் உடன்படிக்கையால் மராட்டியர் அணியிலிருந்து விலகினர். ஜூன் 2இல் ஆரணியில் ஹைதரும் கூட்டும் கடைசி முறையாக எதிர்நின்றனர். இருவரும் நோயாளிகள். மழைக்காலம் வந்ததும் கூட் வங்காளம் திரும்பினார். ஹைதர் சித்தூர்ப் பக்கம் பாசறை அமைத்தான். மலையாளக் கரையில் ஆங்கிலேயர் இறங்கியதால் மகன் திப்புவை அங்கே அனுப்பியிருந்தான். முதுகிலே கட்டி புறப்பட்டது. வைத்தியர்கள் செய்வதைச் செய்தனர். டிசம்பர் 7இல் எல்லாம் முடிந்தது.

அதன்பின் நடந்ததே இக்கதையில் வியக்கத்தக்கது. தலைவன் இறந்தான் எனத் தெரிந்தால் கூலிச் சேனை கலைந்துவிடும். பூர்ணையாவும் கிருஷ்ணராவும் மற்றும் சில நம்பிக்கைக்குரிய அதிகாரிகளும் கூடி மரணத்தை மறைத்தனர். உடலை வாசனைப் பொடிகள் நிரப்பிய பெட்டியில் இட்டு, பொக்கிஷம் போவதுபோலக் காவலோடு கோலாருக்கு அனுப்பினர். கூடாரத்தில் வழக்கம்போல் உத்தரவுகள் பிறந்தன. பாசறை பெயர்ந்தபோது மூடுபல்லக்கும் கூடவே சென்றது. ஹைதரின் இரண்டாம் மகனைப் பட்டத்தில் வைக்க உறவினன் ஒருவன் செய்த சூழ்ச்சியும் அடக்கப்பட்டது. பொன்னானி அருகே இருந்த திப்புவுக்கு ஓலை பறந்தது. 1783 ஜனவரித் தொடக்கத்தில் அவன் வந்து சேர்ந்து படையின் தலைமையை ஏற்றான். ஒரு சல்லிக் காசும் குறையாமல் கணக்கு ஒப்படைக்கப்பட்டதாம். சென்னையில் கவர்னர் மெக்கார்ட்னி வதந்தியைக் கேட்டு உடனே தாக்க வேண்டுமென்றார். ஜெனரல் ஸ்டூவர்ட்டு படை ஆயத்தமில்லை என்றார். இருவரும் சண்டையிட்டுக் கொண்டிருக்கையில் சமயம் கடந்தது. கூட்டும் அடுத்த ஏப்ரலில் சென்னைக்குத் திரும்பியதும் மாண்டார். ஹைதரின் உடல் முதலில் கோலாரில் தந்தையின் கல்லறையருகே வைக்கப்பட்டுப் பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது.

ஹைதரைத் தேசபக்தன் என்று போற்றுவோரும், அரசைக் கவர்ந்தவன் என்று தூற்றுவோரும் இன்றும் உளர். இரண்டும் பிற்காலத்தார் அவனுக்குத் தைத்த சட்டைகள். ஆங்கிலேயரால் இந்நாட்டு அரசுகள் யாவும் விழுங்கப்படும் என்பதை முதலில் கண்டவர்களுள் அவன் ஒருவன். அது அவன் அறிவுக்குச் சான்று. ஆனால் நாடு என்ற சொல்லுக்கு அவன் கொண்ட பொருள் வேறு, நாம் கொள்ளும் பொருள் வேறு. இவ்விடத்தில் எனக்கு மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. இதே சித்தூரும் திருப்பதியும் யாருக்கு என்று 1950களில் தமிழரும் தெலுங்கரும் வாதாடினர். மறியலும் சிறையும் இருந்தன, மனக்கசப்பும் மிகுந்திருந்தது. ஆயினும் படாஸ்கர் என்னும் ஒருவர் கிராமக் கணக்குகளை வைத்துக்கொண்டு எல்லை வகுக்க, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி அந்தப் பக்கமும் சித்தூர் இந்தப் பக்கமுமாக அமைந்தன. ஹைதர் காலத்தில் இதற்கு எத்தனை ஊர் எரிந்திருக்கும்! நாம் இங்கே தமிழ்ச் சங்கம் நடத்துகிறோம். நம் விழாவுக்குத் தெலுங்கு அயலார் வந்து முன் வரிசையில் அமர்கின்றனர்.

போர் எவ்வாறு நின்றது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். ஐரோப்பாவில் 1783 ஜனவரியில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானத்துக்கு இசைந்தன. ஜூன் இறுதியில் அச்செய்தி கடலூரை எட்டியது. அங்கே ஒருவரையொருவர் சுட்டுக் கொண்டிருந்த இரு வெள்ளைப் படைகளும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டன. திப்பு தனியே நின்று மேலும் சில மாதம் போரிட்டான். 1784 மார்ச் 11இல் மங்களூரில் உடன்படிக்கையாயிற்று. பிடித்ததை எல்லாம் அவரவரிடம் திருப்பிக் கொடுப்பது என்பதே அதன் சாரம்.

திருப்பிக் கொடுக்க முடியாதவையும் இருந்தன. எரிந்த வயல்களிலிருந்து பசியோடு நடந்த மக்கள் சென்னையில் வந்து குவிந்தனர். தெருவெங்கும் பிணங்கள். 1782இல் அங்கே ஒரு கஞ்சித் தொட்டி திறந்தனர். அதுவே மணியகாரர் சத்திரமாகி, அதனருகே நோயாளிகளுக்கு ஒரு மருத்துவ நிலையமும் வளர்ந்தது. இன்று ஸ்டான்லி மருத்துவமனை என்று பெயர் பெற்றிருப்பது அதுவே. நம் காலனியிலிருந்து சிகிச்சைக்காக அங்கே போகிறவர்கள், வண்டியை விட்டிறங்கி வழி கேட்டால், வடசென்னையின் வயதான மனிதர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லிக் கையைக் காட்டுவர்.